வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: தன்பாலீர்ப்பாளர், திருநர் உரிமைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மூணாறு, குமுளி, ஆரியங்காவு, பாறசாலை: எல்லாம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊர்கள். வீடு கேரளத்தில், வேலை கோயம்புத்தூரில், சொந்தபந்தம் கம்பத்திலோ செங்கோட்டையிலோ என்று இரண்டு மாநிலத்திலும் கால் வைத்து வாழ்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சட்டம் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒன்றுதான். எந்த ஸ்டேஷன், எந்தக் கோர்ட், எந்த ஆபீஸ் என்பதில்தான் ஆட்கள் அலைக்கழிகிறார்கள்.

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் போலீஸ் பிடிக்குமா?

பிடிக்க முடியாது. இருவரும் 18 வயது நிறைந்தவர்கள், இருவருக்கும் சம்மதம் என்றால் அது குற்றமே அல்ல. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் தளர்த்தியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, சம்மதத்தோடு நடக்கும் உறவு அந்தப் பிரிவில் வராது என்று முடித்துவைத்தது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. இதில் ஒரு கெடுதலும் சேர்ந்து வந்தது: ஓர் ஆணை இன்னோர் ஆண் வன்புணர்ந்தால் போடுவதற்கு இருந்த ஒரே பிரிவும் அதோடு போய்விட்டது. இப்போது அடி, மிரட்டல், அடைத்து வைத்தல் என்று துண்டு துண்டாகத்தான் வழக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஆப்பில் பழகிய ஆள், "வீட்டில் சொல்லிவிடுவேன், போலீஸில் சொல்லிவிடுவேன்" என்று பணம் கேட்கிறான். என்ன செய்வது?

போலீஸில் சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை. மேலே சொன்னதுதான் காரணம். பணம் பறிப்பது அவன் செய்யும் குற்றம் (நியாய சன்ஹிதா 308). முதல் தடவை 2,000 ரூபாய் கொடுத்தால் அடுத்த வாரம் 20,000 கேட்பான். கொடுக்காதீர்கள். உரையாடலை அழிக்கவும் செய்யாதீர்கள். பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. அவனுடைய எண், யூபிஐ ஐடி, பக்கத்தின் பெயர், தேதி எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறொரு இடத்திலும் சேமித்துவிட்டு, பிறகு தடை செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அவன் எந்த மாநிலத்தில் இருந்தாலும் உங்கள் பக்கத்து ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். புகாரில் உங்கள் பாலீர்ப்பை விளக்க வேண்டியதில்லை. "ஆன்லைனில் பழகியவர், அந்தரங்கப் படங்களை வைத்து மிரட்டுகிறார்" என்று எழுதினால் போதும்.

நானும் என் தோழியும் வீட்டை விட்டுப் போய்ச் சேர்ந்து வாழ முடிவெடுத்துவிட்டோம். கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

துணிமணியைவிடக் காகிதம் முக்கியம். வயதைக் காட்டும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் இருந்தால் அது, கல்லூரிச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம். அசல் கிடைக்கவில்லை என்றால் டிஜிலாக்கரில் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக் கணக்கு அப்பாவோடு கூட்டுக் கணக்காகவோ, ஓடிபி அண்ணன் போனுக்குப் போகும்படியோ இருந்தால், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தனிக் கணக்கு தொடங்கிவிடுங்கள். ஆதாரோடு இணைந்த எண் உங்கள் கையில் இருக்கும் சிம்தானா என்பதையும் பாருங்கள்.

நகையைத் தொடாதீர்கள். உங்கள் கழுத்தில் கிடக்கும் செயினாக இருந்தாலும், வீட்டார் வாங்கியது என்றால் கழற்றி வைத்து, வைத்த இடத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "எங்கள் பெண் எட்டுப் பவுனோடு போய்விட்டாள், கூட்டிப் போனவள் திருடச் சொன்னாள்" என்ற புகார் வழக்கமாக வருவது. காணவில்லை என்ற புகாரை ஒரு வாக்குமூலத்தில் முடித்துவிடலாம். திருட்டு வழக்கு அப்படி முடியாது. உங்கள் துணையைத் தேடி இன்னொரு மாநிலத்துக்கு வரப் போலீஸுக்கு அது காரணமாகவும் ஆகிவிடும்.

பிறகு கடிதம். இருவரும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்திட வேண்டும்: பெயர், பிறந்த தேதி, "என் சொந்த விருப்பத்தில் வீட்டை விட்டுப் போகிறேன், யாரும் கடத்தவில்லை, யாருடைய பொருளையும் எடுக்கவில்லை, வீட்டாரால் எனக்கு இன்ன ஆபத்து இருக்கிறது, என்னைத் தேடிப் பிடித்து ஒப்படைக்க வேண்டாம்." கடைசியில் தேதி. நான்கு இடத்துக்கு அனுப்புங்கள்: பிறந்த ஊர் ஸ்டேஷன், அந்த மாவட்ட எஸ்பி, போய்த் தங்கும் ஊர் ஸ்டேஷன், அந்த மாவட்ட எஸ்பி. மின்னஞ்சலிலும் அனுப்பலாம், ஆனால் ஸ்பீட் போஸ்ட் ரசீதுக்கு ஸ்டேஷனில் தனி மரியாதை. தங்கும் வீட்டின் முகவரியை ஊர் ஸ்டேஷனுக்குப் போகும் கடிதத்தில் எழுத வேண்டாம். அங்கிருந்து அது உங்கள் சித்தப்பா கைக்குப் போக ஒரு டீக்கடை தூரம்தான். அந்தக் கடிதத்தையே 30 நொடி வீடியோவாகவும் பேசி, நம்பும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

போனில் கூகுள் கணக்கின் இருப்பிடப் பகிர்வை நிறுத்துவது, வீட்டு டேப்லெட்டில் திறந்து கிடக்கும் உங்கள் வாட்ஸ்அப்பை வெளியேற்றுவது, இரண்டையும் முந்தின நாளே செய்யுங்கள். பிடிபட்டவர்களில் பலர் பஸ் ஸ்டாண்டில் பிடிபட்டதில்லை, இதில்தான் பிடிபட்டார்கள்.

ஒருவருக்கு 18 ஆகவில்லை என்றால்?

கிளம்பாதீர்கள். இரண்டு மாதம்தானே குறைவு என்றாலும் கிளம்பாதீர்கள். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. சம்மதம் என்ற பேச்சும் அதில் செல்லாது. வயதில் மூத்தவர் மீது போக்ஸோவும் ஆள்கடத்தலும் விழும், அடைக்கலம் கொடுத்தவரும் மாட்டுவார். வீட்டில் அடி, பூட்டி வைப்பது என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம். குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தி, வீட்டுக்குப் போக மறுத்தால் காப்பகத்தில் தங்க வைப்பார்கள். காப்பகம் சொர்க்கமல்ல, தெரிந்துதான் சொல்கிறோம். ஆனால் 18ஆம் பிறந்தநாளில் உங்கள் மீதோ துணை மீதோ வழக்கு இருக்காது.

ஊரிலிருந்து போலீஸ் எல்லை தாண்டி வந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். போக வேண்டுமா?

காணவில்லை என்ற புகார் பதிவாகியிருந்தால், நீங்கள் உயிரோடும் விருப்பத்தோடும் இருக்கிறீர்களா என்று பார்ப்பது அவர்கள் கடமை. அதைத் தங்கியிருக்கும் ஊரின் ஸ்டேஷனில் முடித்துக்கொள்ளலாம். வேலந்தாவளத்தில் இருப்பவரை வாக்குமூலம் வாங்கப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை. சாட்சியாக விசாரிக்கப் பெண்களை ஸ்டேஷனுக்கே அழைக்கக் கூடாது, அவர்கள் இருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 179ஆம் பிரிவு சொல்கிறது. வேண்டுமென்றால் 183ஆம் பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்பே வாக்குமூலம் கொடுக்கிறேன் என்று கேளுங்கள். அதற்குப் பிறகு அதை மாற்றி எழுத யாராலும் முடியாது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று கொடுத்த உத்தரவு இங்கே கைகொடுக்கும்: காணாமல்போனதாகத் தேடப்படுபவர்கள் சம்மதத்தோடு சேர்ந்து வாழும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், துன்புறுத்தக் கூடாது. இதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதியைச் சேர்த்தது. பாலீர்ப்பு, பாலின அடையாளம் காரணமாக ஒருவரையோ, அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ துன்புறுத்தும் போலீஸ்காரர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம். வந்தவர்கள் தமிழ்நாட்டுப் போலீஸ் என்றால் இந்த விதி எண்ணைச் சொல்லுங்கள். கேரளப் போலீஸை இது கட்டுப்படுத்தாது.

ஸ்டேஷனில் நடப்பது என்னவோ பெரும்பாலும் சட்டமல்ல, பஞ்சாயத்து. அம்மா அழுவார், மாமா காலில் விழுவார், இன்ஸ்பெக்டர் "ரெண்டு நாள் வீட்ல இருந்துட்டு வாம்மா, நான் பொறுப்பு" என்பார். அந்த ரெண்டு நாளில்தான் போன் பறிபோகும், மாப்பிள்ளை பார்ப்பார்கள். "வீட்டாரோடு போக எனக்கு விருப்பமில்லை" என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள், அதையே எழுதியும் கொடுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். மலையாளத்தில் எழுதியிருந்து வாசிக்கத் தெரியாது என்றால், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

என் துணையை அவர்கள் வீட்டில் பூட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அவரோடு சட்டப்படி எந்த உறவும் இல்லையே, நான் எப்படிக் கோர்ட்டுக்குப் போவது?

அடைபட்டவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்பது ஆட்கொணர்வு மனு. அதற்கு ரத்த உறவும் கல்யாணமும் தேவையில்லை. நண்பர் என்று போட்டே தாக்கல் செய்யலாம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 11 அன்று எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் நெறிமுறை வகுத்தது. துணையோ நண்பரோ போடும் ஆட்கொணர்வு மனுவை முன்னுரிமை தந்து எடுக்க வேண்டும். இருவருக்கும் என்ன உறவு என்று குடையக் கூடாது. அடைபட்டவரை நீதிபதி நேரில், தனியாக, வீட்டார் இல்லாமல் சந்தித்துப் பேச வேண்டும். மனதை மாற்றுவதற்காகக் கவுன்சலிங்குக்கு அனுப்பக் கூடாது. வீட்டாரிடம் திரும்பிப் போக விருப்பமில்லை என்று அவர் சொன்னால் அப்போதே விடுவிக்க வேண்டும். போலீஸ் பாதுகாப்புக் கேட்டால், வீட்டார் தரப்பின் மிரட்டலுக்கு அத்தாட்சி கொண்டு வா என்று காத்திருக்க வைக்காமல் இடைக்காலமாகவாவது தர வேண்டும். அந்த வழக்கில் அந்தப் பெண் பெற்றோரிடம் இருப்பதாகவே சொன்னார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கோர்ட் கேட்பது அவர் வாயிலிருந்து வருவதைத்தான். உங்கள் காதலின் ஆழத்தை அங்கே யாரும் அளக்கப்போவதில்லை.

கேரள உயர் நீதிமன்றம் 2022 மே 31 அன்று, வீட்டார் பிரித்துக் கொண்டுபோன ஒரு பெண்ணை அவர் விருப்பம் கேட்டுத் துணையோடு போக அனுமதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே 22 அன்று, வேலூர் எஸ்பியை எதிர்மனுதாரராகக் கொண்ட வழக்கில், பெண்ணைப் பெற்றோரோடு போகும்படி நெருக்கிய போலீஸைக் கண்டித்தது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழியல்ல என்றும் எழுதியது. வக்கீலிடம் இந்த மூன்று தேதிகளையும் கொடுங்கள்.

எந்தக் கோர்ட்? துணை அடைபட்டிருக்கும் ஊரைப் பாருங்கள். சித்தூர், மூணாறு, குமுளி, பாறசாலை என்றால் எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றம். கம்பம், போடி, செங்கோட்டை, களியக்காவிளை என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, நீலகிரி மதுரையில் வராது, சென்னைக்குப் போக வேண்டும். இதில் ஏமாந்து ஒரு வாரம் தொலைப்பவர்கள் உண்டு. ஆளைக் கேரளத்திலிருந்து தூக்கித் தமிழ்நாட்டில் வைத்திருந்தால், சம்பவத்தின் ஒரு பகுதி நடந்த இடம் என்ற முறையில் எர்ணாகுளத்திலும் போடலாம் (அரசியல் சாசனம் 226(2)). ஆனாலும் அடைத்து வைத்த இடத்துப் போலீஸுக்கு நேரடியாக உத்தரவிடக்கூடிய கோர்ட்டே வேகம்.

மனுவோடு வைக்க வேண்டியவை: இருவரின் வயதுச் சான்று, முன்பு எழுதிய கடிதம், கடைசியாக வந்த செய்தி, கடைசியாகப் பேசிய தேதியும் நேரமும், வீட்டு முகவரி. அதற்கு முன் ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடைத்து வைப்பது நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவுக் குற்றம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பினால், எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்வதைக் காட்டுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம்.

அவசரத்துக்கு 112 அழைக்கும்போது ஒரு சின்ன விஷயம்: எல்லையில் செல்போன் கோபுரம் மாறி, அழைப்பு அடுத்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போவது உண்டு. முதல் வார்த்தையாக மாநிலத்தையும் ஸ்டேஷன் பெயரையும் சொல்லுங்கள்.

வீட்டை விட்டுப் போக முடியாது, ஆனால் அடி தாங்க முடியவில்லை.

பெண் என்றால் குடும்ப வன்முறைச் சட்டம் (2005) இருக்கிறது. அது புருஷனுக்கு எதிராக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் வாழும் அப்பா, அண்ணன் மீதும் மனுப் போடலாம். எல்லையோரத்தாருக்கு அதில் ஒரு வசதி: 27ஆம் பிரிவின்படி, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே போடலாம். தேனியில் அடிபட்டுக் குமுளியில் தோழி வீட்டில் இருந்தால், கேரளத்திலேயே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181இல் வழி சொல்வார்கள். ஆண் பிள்ளைக்கு இந்தச் சட்டம் இல்லை. அவருக்குச் சாதாரண அடிதடிப் பிரிவுதான், ஆகவே அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதியச் சொல்லிச் சீட்டு வாங்குவது இன்னும் முக்கியம்.

மனநல மருத்துவரிடம் கூட்டிப் போய் "சரி" செய்யப் பார்க்கிறார்கள்.

சரி செய்ய ஒன்றுமில்லை. இந்திய மனநல மருத்துவர் சங்கமே 2018இல் இது நோயல்ல என்று சொல்லிவிட்டது. பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சை தருவது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. மருந்துச் சீட்டு, பில், டாக்டரின் பதிவு எண் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, அந்த மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் செய்யலாம்.

இதைவிடப் பயனுள்ளது ஒன்று, வெகு சிலரே செய்கிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 14ஆம் பிரிவு, 18 வயதான யாரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை எழுதிவைக்கலாம் என்கிறது. வெள்ளைத்தாள், உங்கள் கையெழுத்து. ஒப்புக்கொள்பவரும் 18 வயது நிறைந்தவராக இருந்து எழுத்தில் சம்மதிக்க வேண்டும். துணையையோ நண்பரையோ நியமித்தால், உங்கள் சம்மதம் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் விண்ணப்பத்தைப் போடும் இடம் பெற்றோரிடமிருந்து அவருக்கு மாறிவிடுகிறது. இன்றே எழுதி ஒரு நகலை அவரிடம் கொடுங்கள்.

மந்திரவாதி, ஜெபம், தர்கா என்று கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டுவது மருத்துவமே அல்ல. அதற்கு நியாய சன்ஹிதா 127 போதும்.

தமிழ்நாட்டில் திருநங்கை அட்டை வைத்திருக்கிறேன். பாலக்காட்டுக்குக் குடிவந்தால் செல்லுமா?

அடையாளமாகக் காட்டலாம், சலுகை வராது. தமிழ்நாடு 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது, கேரளம் 2015இல் திருநர் கொள்கை வெளியிட்டது. இரண்டுக்கும் தனித்தனி அட்டை, தனித்தனிப் பணம். கோயம்புத்தூர் டவுன் பஸ்ஸில் திருநங்கைக்கு டிக்கெட் இல்லை, வாளையார் தாண்டினால் காசு. இந்தியா முழுக்கச் செல்வது 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழ். அந்தச் சட்டத்தின் 2020 விதிகளின்படி, விண்ணப்பிக்கும் மாவட்டத்தில் 12 மாதம் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். குடிபெயர்ந்த கையோடு போடும் விண்ணப்பம் இதில்தான் அடிபடும். மாறுவதற்கு முன்பே பழைய மாவட்டத்தில் வாங்கிவிடுங்கள். இந்தத் துறையில் விதிகளைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள், ஆகவே விண்ணப்பிக்கும் வாரத்தில் திருநருக்கான தேசிய இணையதளத்தில் இருக்கும் படிவத்தையே பின்பற்றுங்கள், பழைய யூடியூப் வீடியோவை நம்ப வேண்டாம். கேரள ஆபீஸில் "திருநங்கை" என்ற சொல் எல்லோருக்கும் புரியாது. மலையாளத்திலும் "ட்ரான்ஸ்ஜெண்டர்" என்றே புழங்குகிறார்கள்.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளலாமா?

இருவரும் ஆண், அல்லது இருவரும் பெண் என்றால் பதிவு கிடையாது. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று அதை நாடாளுமன்றத்தின் கையில் விட்டது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி. திருநங்கையும் ஆணும், திருநம்பியும் பெண்ணும் என்றால் நடப்புச் சட்டத்திலேயே முடியும். இதே 2023 தீர்ப்பு அதை உறுதி செய்தது. மதுரைக் கிளை 2019 ஏப்ரலிலேயே ஒரு திருநங்கையின் திருமணத்தை இந்து திருமணச் சட்டப்படி பதியச் சொல்லியிருந்தது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் போனால் 30 நாள் அறிவிப்புப் பலகையில் பெயர் தொங்கும். வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்றால் அந்த வழி உங்களுக்கல்ல.

கல்யாணம் இல்லாமல் பணமும் வீடும் துணைக்குப் போய்ச் சேர என்ன வழி?

தன்பாலினத் துணைகள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதித்துறை 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. மேனேஜர் முழித்தால் அதைக் காட்டுங்கள். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, உரிமையாளர் அல்ல. அண்ணன் வழக்குப் போட்டால் பணம் வாரிசுக்குப் போகும். ஆகவே உயில் வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்திட்டால் செல்லும், துணையைச் சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும், சண்டை வரும் வீடு என்றால் பதிந்துவிடுங்கள். ராவுத்தர் முதலான முஸ்லிம் குடும்பத்தார் கவனிக்க: வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் வெளியாருக்கு எழுத முடியாது. மிச்சத்தை உயிரோடு இருக்கும்போதே கொடுத்து, கைவசமும் ஒப்படைத்துவிட வேண்டும். பிஎஃப்பில் உங்களைச் சார்ந்த பெற்றோர் இருந்தால் துணையின் பெயரில் போட்ட நாமினேஷன் நிற்காது.

வீடு வாடகைக்குத் தர மறுத்தால், வேலையை விட்டு நீக்கினால்?

திருநர் என்றால் 2019 சட்டம் வேலை, வாடகை வீடு, ஆஸ்பத்திரி எதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. கே, லெஸ்பியன், இருபாலீர்ப்பாளர் என்பதற்காகத் தனியார் முதலாளியோ வீட்டுக்காரரோ ஒதுக்கினால் நேரடியாகப் பிடிக்கச் சட்டம் இல்லை. அரசு வேலை என்றால் அரசியல் சாசனத்தின் 14, 15ஆம் பிரிவுகளை வைத்து உயர் நீதிமன்றம் போகலாம். எஸ்டேட் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வேலை போனால் வீடும் போகும் என்பதால், மூணாறு, பீர்மேடு பக்கத்தார் வெளிப்படையாகப் பேசுவதற்கு முன் கீழே ஊரில் ஓர் இடம் பார்த்துக்கொள்வது நல்லது.

கேரள ஆபீஸில் தமிழில் மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைக்கும், சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களின் உள்ளூர் ஆபீஸ்களுக்கும் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. தாமதம் பொறுக்காத விஷயம் என்றால் தமிழ் மனுவோடு ஒரு மலையாள நகலும் வையுங்கள்.

தனியாக வந்து மூன்று வருடம் ஆகிறது. ஊரில் பாட்டி தவறிவிட்டார். போகலாமா?

போகலாம், தனியாகப் போகாதீர்கள். சமாதானமாகிவிட்டது என்று நம்பிப் போனவர்கள் சாவு வீட்டிலும் திருவிழாவிலும் மடக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரு நண்பரை வண்டியோடு தெருமுனையில் நிறுத்துங்கள். அசல் சான்றிதழ்களைத் துணையிடம் விட்டுவிட்டு நகலோடு போங்கள். "இன்ன தேதி பாட்டி காரியத்துக்குப் போகிறேன், அன்று மாலையே திரும்புவேன்" என்று கையெழுத்திட்டு வக்கீலிடமோ நண்பரிடமோ கொடுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை கூப்பிடுவதாக வைத்துக்கொண்டு, ஒரு சாதாரண வார்த்தையை அடையாளமாகப் பேசி வையுங்கள். "சாப்பிட்டேன்" என்றால் நலம், "பசியில்லை" என்றால் மாட்டிக்கொண்டேன். இரண்டு அழைப்பு வராவிட்டால் துணை 112க்குச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை கோர்ட் திறக்கும்போது மனுவோடு நிற்க வேண்டும்.